படாக் என்றான் தம்பி

அத்தியாயம் பதினொன்று

செல்வநாதனை இரும்புக் குழாயால் அடித்தார்கள். முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. இரண்டாவது தோளில். கீழே சாய்ந்தவர் கையை ஊன்றி எழப் பார்த்தபோது மூன்றாவது அடி விலாவில் இறங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்து டயர் கடை ஜஹாங்கீருக்கே ஒன்றும் கேட்கவில்லை. டீ வந்திருப்பதைச் சொல்ல மரக்கடைக்குள் எட்டிப் பார்த்தவர், கேட்டுக்குப் பத்தடி உள்ளே செல்வநாதன் குப்புறக் கிடப்பதைக் கண்டார். கீழே கிடந்த மரத்தூள் ரத்தத்தைக் குடித்துக் கட்டிகட்டியாக உறைந்திருந்தது.

இப்போது சனிக்கிழமை காலை. தலையில் பதினேழு தையல், உள்ளே ஒரு ரத்தக்கட்டு. அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த கணவனின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள் ஹில்டா. கால்மாட்டில் மகள் டெபோரா நின்றாள். அழுது முடித்த முகம்.

“கடையில ஏதாவது காணாமப் போயிருக்கான்னு பாருங்கம்மா,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சிவந்தி. “திருட வந்தவனா, இவரை அடிக்கவே வந்தவனான்னு அதுல தெரிஞ்சிடும்.”

வாசலில் நின்ற நெல்சன் சட்டென்று முன்னால் வந்தான். ஹில்டாவின் தம்பி. பத்து வருடமாக மச்சானோடு அதே மரக்கடையில் வேலை.

“நான் போய் பாத்துகினு வரேன்க்கா. நீ மச்சான் பக்கத்துல இரு.”

“டெபோரா கீறா. நான் வரேன்.”

“உனுக்கு எதுக்குக்கா அந்த ரத்தத்த எல்லாம் பாத்துகினு…”

ஹில்டா செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆட்டோவில் ராயபுரம் தாண்டும்வரை அவன் ஒரு தடவைகூட அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கல்யாணமாகி வந்த இருபத்துமூன்று வருடத்தில் ஹில்டா அந்தக் கடையில் கற்றுக்கொண்டது ஒரு வேலைதான். ஆனால் அதைச் செய்ய அந்தச் சாலையில் அவளை விட்டால் ஆள் இல்லை. இடித்த வீடுகளிலிருந்து கதவு, நிலை, உத்தரம் என்று வந்து இறங்கும். நாலு தலைமுறை பெயிண்டும் சுண்ணாம்பும் ஏறிய அந்தக் கட்டைகளை எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஹில்டா உளியால் ஒரு சீவு சீவுவாள். எச்சில் தொட்டுத் தேய்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். தேக்கு, வேங்கை, மருது, இலுப்பை என்று அவள் சொன்னால் சொன்னதுதான். செல்வநாதனே அவளைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டார்.

கடையைத் திறந்தார்கள். ரம்ப மிஷின் இருந்தது. மோட்டார் இருந்தது. பித்தளைக் கீல்கள் போட்டு வைத்த சாக்குகூட அவிழ்க்காமல் இருந்தது.

“ஒன்னும் போலக்கா. வா, பூடலாம்,” என்றான் நெல்சன்.

ஹில்டா போகவில்லை. எதுவும் போகவில்லைதான். ஆனால் ஒன்று கூடியிருந்தது. பின்பக்கக் கொட்டகையில், நீல நிறத் தார்ப்பாய்க்குக் கீழே, அவள் பார்க்காத ஒரு குவியல்.

தார்ப்பாயை இழுத்தாள். சுண்ணாம்புப் பூச்சு ஒட்டிய சதுரக் கட்டைகள், ஆங்காங்கே துருப்பிடித்த ஆணியும் புழு அரித்த ஓட்டையுமாக. எண்ணினாள். இருபத்திரண்டு.

“இது இன்னாடா?”

“உத்தரம்க்கா. பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு வூடு இடிச்சாங்கோ. மச்சான் எடுத்தாரு.”

“இன்னா மரம்?”

“படாக்.”

எந்த வீட்டு உத்தரம் நாலடி நீளம் இருக்கும்? இருபத்திரண்டும் ஒரே அளவாக இருக்குமா? ஹில்டா குனிந்து ஒரு கட்டையின் முனையைத் தூக்கினாள். தோள்பட்டை பிடித்து இழுத்தது. வாழ்நாளில் எத்தனையோ படாக்கைப் புரட்டியவள் அவள். அந்தமானிலிருந்து வரும் அந்தச் சிவப்பு மரம் இந்தக் கனம் கனக்காது.

சுத்தியலின் கொக்கியால் ஓர் ஆணியைப் பிடுங்கினாள். முரண்டு பிடிக்காமல் வந்தது. அறுபது எழுபது வருடம் மரத்துக்குள் கிடந்த ஆணி என்றால் துரு ஊறி, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டியிருக்கும். இங்கே வளையம் இல்லை. ஓட்டைக்குள் மரம் புதுக்காயம் மாதிரி சிவப்பாக இருந்தது.

“யக்கா, மச்சான் அங்க உயிருக்கு இழுத்துகினு கீறாரு. நீ இங்க ஆணி புடுங்கிகினு…”

“கம்முனு நில்லு.”

உளியால் ஆழமாக ஒரு சீவல் எடுத்து, பக்கெட்டுத் தண்ணீரில் போட்டாள். படாக்காக இருந்தால் மிதந்திருக்கும். இது சுழன்று சுழன்று அடியில் போய்ப் படுத்தது. தண்ணீரில் நிறம் இறங்கவே இல்லை. இன்னொரு சீவலைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, பாலிஷ் கலக்க வைத்திருந்த ஸ்பிரிட்டை அதன்மேல் ஊற்றினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டம்ளருக்குள் ரத்தச் சிவப்பு பரவியது.

செம்மரம். ஒரு கட்டை வைத்திருந்தாலே ஜெயிலில் கொண்டுபோய் வைக்கும் மரம். இருபத்திரண்டு கட்டை, சுண்ணாம்பு பூசி, ஆணி அறைந்து, பழைய வீட்டு மரமென்று கப்பலேறத் தயாராக அவள் கடையில் கிடந்தது.

அவள் அடுத்துப் பார்த்தது புழு ஓட்டைகளை. மூன்று மூன்றாக, லேசாகச் சாய்த்து, மூன்றாவதை மட்டும் கொஞ்சம் அகலமாக்கித் துளை போட்டிருந்தது. டீத்தூள் கொதிக்கவைத்துத் தேய்த்த கறை. காபி ஷாப் வைப்பவர்களுக்குப் புது மரத்தைப் பழசாக்கிக் கொடுக்கும் வேலை கடையில் நடப்பதுதான். அந்த வேலையைச் செய்வது ஒரே ஒருவர். அந்த மூன்று துளையை இருட்டில் தடவினாலும் அவளுக்குத் தெரியும்.

நெல்சனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது உன் மச்சான் கை.”

நெல்சன் தார்ப்பாயை இழுத்துக் கட்டைகளை மூடப் போனான்.

“யார் சரக்குடா?”

“யக்கா, வுட்ரு. இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள லாரி வந்து எடுத்துகினு பூடும். அப்பால நமக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல.”

அறைந்தாள். அவன் கன்னத்தைத் தேய்க்குமுன் இன்னொன்று விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய கையை நெல்சன் பிடித்து முறுக்கித் தள்ளினான். பின்னால் அடுக்கியிருந்த கதவு நிலைகளில் போய் மோதினாள் ஹில்டா. புருவத்துக்கு மேலே கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

தன் கையைத் தானே நம்பாதவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றான் நெல்சன். பிறகு அப்படியே தரையில் குந்திவிட்டான்.

“அன்பரசன் சரக்குக்கா,” என்றான். “கப்பல்ல சரக்கு ஏத்தி வுடுவானே, வெள்ளச் சட்ட. காட்டுல திருட்டுத்தனமா வெட்டுனது இல்ல, ஏலத்துல எடுத்த சரக்கு, பேப்பருதான் லேட்டு ஆவுதுன்னான். மச்சான் நம்புனாரு. நம்புனாரோ, நம்புன மாதிரி இருந்துகினாரோ. ரெண்டு லோடு இதுக்கு முன்னாடியே பூட்ச்சி.”

“இந்த லோடு?”

“வேல எல்லாத்தையும் முடிச்சாரு. முடிச்சிட்டு, போதும், இனிமே முடியாது, போலீஸாண்ட போயி சொல்லிடப் போறேன்னாரு. அவனாண்டயே சொல்லிட்டாருக்கா. மூஞ்சிக்கு நேரா.”

ஹில்டா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கேட் உள்பக்கம் பூட்டியிருந்திருக்கும். ஐந்து மணிக்கு மேல் செல்வநாதன் எப்போதும் பூட்டிவிடுவார். சாவி இருப்பது அவரிடமும் நெல்சனிடமும்தான்.

“கேட்ட யாரு தொறந்தது?”

“சும்மா மெரட்டுவோம்னுதான்க்கா சொன்னாங்க…” நெல்சனின் குரல் உடைந்தது. “சத்தியமா அடிப்பாங்கன்னு தெரியாதுக்கா. மொத அடி வுழுந்ததும் நான் ஓடிட்டேன். நின்னு தடுத்திருக்கணும். ஓடிட்டேன்.”

அவன் அழுததை ஹில்டா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தாய் செத்தபோது ஏழு வயது நெல்சனுக்கு இட்லி ஊட்டிய கை அவளுடையது. இப்போது அதே கை அவன் கழுத்தைப் பிடிக்கத் துடித்தது.

நெல்சனின் போன் அடித்தது. அன்பரசன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“நெல்சா, லாரி காலடிப்பேட்டை தாண்டியாச்சு. அரை மணியில வந்துடுவோம். கன்டெய்னர் இன்னிக்கே போயாகணும். கேட்டைத் தொறந்து வை.”

நெல்சன் போனை அணைத்தான். ஹில்டா தன் போனை எடுத்துச் சிவந்தியைக் கூப்பிட்டாள்.

“கடைக்கி வாங்க மேடம். என் வூட்டுக்காரர அடிச்சது யாருன்னு தெரிஞ்சி போச்சி. ஜல்தி வாங்க.”

“எண்ணூர்ல ஒரு பந்தோபஸ்துல மாட்டிக்கிட்டேம்மா. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு பேரை முன்னாடி அனுப்புறேன். நீங்க வெளிய போயிடுங்க.”

அரை மணி. ஒரு மணி. ஹில்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெளியே போய்விட்டால் கட்டைகள் லாரி ஏறிவிடும். அப்புறம் அன்பரசன் கை வீசிக்கொண்டு நடப்பான். சிவந்தி வந்தால் காட்ட அவளிடம் ஒரு டம்ளர் சிவப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

ரம்ப மிஷினின் சுவிட்சைப் போட்டாள்.

“இன்னாக்கா பண்ற?”

“பழைய மரம்னு சொன்னாத்தானே ஏத்துவான்? அறுத்துப் போட்டா எவனும் பழசுன்னு நம்ப மாட்டான். புடி அந்தப் பக்கம்.”

“யக்கா, வெட்டிப் போட்ருவான் நம்மள.”

“உன் மச்சான மட்டும் சும்மாவா வுட்டான்? புடிடா.”

நெல்சன் பிடித்தான். ஆணி இல்லாத இடமாகப் பார்த்து முதல் கட்டையைத் தள்ளினாள். வட்ட ரம்பம் மரத்துக்குள் இறங்கியதும் ஊளையிட்டது. மேலே இருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் பறந்தது, அதற்குப் பின்னால் சிவப்புத் தூள் பீறிட்டு அவள் சேலை, கழுத்து, முகமெல்லாம் அப்பியது. கட்டை இரண்டாக விழுந்தபோது இரண்டு முகமும் வெட்டிய கறித்துண்டு மாதிரி பளபளத்தன.

பதினாலாவது கட்டையை ரம்பத்தின்மேல் வைத்திருந்தபோது கேட் இடிபட்டுத் திறந்தது.

அன்பரசன் உள்ளே வந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பின்னால் இரண்டு பேர். சிதறிக் கிடந்த சிவப்புத் துண்டங்களைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

“என்ன சிஸ்டர் இது? ஹாஸ்பிட்டல்ல இருக்க வேண்டிய நேரத்துல.”

ஹில்டா பதினாலாவது கட்டையைத் தள்ளி முடித்தாள். அதுவும் இரண்டாக விழுந்தது.

“புடிங்கடா அவளை.”

ஒருவன் நெல்சனை நெஞ்சில் உதைத்துத் தள்ளினான். மற்றவன் ஹில்டாவின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்துத் தலையை மிஷின் மேடையில் வைத்து அழுத்தினான். கன்னத்தில் இரும்பின் சூடு ஏறியது. ஒரு சாண் தூரத்தில் ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று அவள் கண்ணிமையை அடித்தது. தளர்ந்து விழுந்த முடிக்கற்றை ஒன்று ரம்பத்தில் மாட்டி வேரோடு பிய்ந்து போனது.

“மீதி எட்டையும் லாரில ஏத்தச் சொல்லு சிஸ்டர்,” என்றான் அன்பரசன். “இதை நான் ரெண்டாவது தரம் கேக்க மாட்டேன்.”

அவள் வாயில் மரத்தூள். பேச முடியவில்லை. தலை அரை விரற்கடை முன்னால் நகர்ந்தது. இன்னும் அரை.

கீழே கிடந்த கடப்பாரையை நெல்சன் எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. முதல் வீச்சில் அவளைப் பிடித்திருந்தவனின் முழங்கை முறிந்தது. ரம்பச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. அவன் அலறிக்கொண்டு விலக, இரண்டாவது வீச்சு அன்பரசனின் வலது முட்டியில் விழுந்தது. கால் போகக் கூடாத பக்கமாக மடிந்தது.

உதைத்தவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். நெல்சன் திரும்புவதற்குள் அது அவன் விலாவுக்குக் கீழே இறங்கி வெளியே வந்தது. நெல்சனுக்குக் கத்தக்கூட வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டான். கத்தி மறுபடி ஓங்கியது.

ஹில்டாவின் கைக்கு எட்டியது ஸ்பிரிட் கேன். மூடி திறந்தே இருந்தது. முழுவதையும் கத்திக்காரனின் முகத்தில் வீசினாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தியை வீசி வீசிச் சுழன்றான். அவள் விடவில்லை. காலடியில் கிடந்த இரண்டடிச் செம்மரத் துண்டை இரண்டு கையாலும் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள். விழுந்தான். மறுபடி தூக்கினாள்.

“தங்கச்சி, போதும். போதும்மா. வுட்டுடு.”

ஜஹாங்கீர். கையில் டயர் கழற்றும் நீளக் கம்பி, பின்னால் கடை ஆட்கள் நாலு பேர். அவர்தான் மிஷினை நிறுத்தினார். முழங்கை முறிந்தவன் அவர்களை இடித்துக்கொண்டு சாலைக்கு ஓடினான். லாரிக்காரன் அதற்கு முன்பே வண்டியைக் கிளப்பியிருந்தான்.

ஹில்டா தம்பியின் பக்கத்தில் விழுந்து, முந்தானையைச் சுருட்டி அவன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே சூடாக வந்துகொண்டே இருந்தது.

“யக்கா,” என்றான் நெல்சன். உதடு வெளுத்திருந்தது. “இந்தத் தடவ ஓடலக்கா.”

“பேசாத.”

“மச்சானாண்ட சொல்லு.”

“நீயே சொல்லு. கண்ண மூடாத. நெல்சா, என்னப் பாரு.”

அழுத்திக்கொண்டிருந்த அதே கையால்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் கழுத்தை நெரிக்க நினைத்தாள். மன்னித்துவிட்டாளா? இல்லை. ஆனால் கையை எடுக்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. நெல்சனை ஏற்றிக்கொண்டு போனபோது அவனுக்கு நாடி இருந்தது. ஜஹாங்கீர் கூடவே ஏறிக்கொண்டார். மண்டை உடைந்தவனை அடுத்த வண்டியில் ஏற்றினார்கள். மூச்சு இருந்தது.

சிவந்தி வந்து சேர்ந்தபோது அன்பரசன் சுவரில் சாய்ந்து, உடைந்த காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்புத் தூள். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

அறுபட்ட துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார் சிவந்தி.

“செம்மரம்னு நிச்சயமா தெரியுமா?”

“தெரியும் மேடம். தண்ணில போட்டுப் பாருங்க, முழுகும். ஸ்பிரிட்ல போட்டா ரத்தமா எறங்கும். உங்க ஆபீஸர்ங்க எங்க வேணா அனுப்பிப் பாக்கட்டும்.”

“மேல சுண்ணாம்பு, ஆணி, புழு ஓட்டை. அசல் பழைய மரம் மாதிரியே இருக்கு. இந்த வேலை செஞ்சது யாரு?”

ஹில்டா முகத்தில் அப்பியிருந்த சிவப்புத் தூளை வழித்தாள்.

சுவரோரத்திலிருந்து அன்பரசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வலியில் வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் உதட்டில் ஒரு சிரிப்பு.

“சொல்லு சிஸ்டர்,” என்றான். “மேடம் கேக்குறாங்கல்ல. எந்த மரமா இருந்தாலும் பாத்ததும் சொல்லிடுவியாமே. இது யார் கைன்னும் சொல்லு.”

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். நெல்சன் சொல்ல மாட்டான். சொல்லும் நிலையிலும் இல்லை. அன்பரசன் சொன்னாலும், அடிக்க ஆள் அனுப்பியவன் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்? செல்வநாதன் நேர்மைக்கு அடிபட்டவராகவே வீடு திரும்பலாம். டெபோரா தலை நிமிர்ந்து கல்லூரிக்குப் போகலாம்.

ஆனால் இரண்டு லோடு ஏற்கெனவே போயிருந்தது. அந்தத் துளைகள் வரிசையாக அவள் கண்ணெதிரே கிடந்தன. இத்தனை வருடத்தில் ஒரு மரத்தையும் அவள் வேறு பெயர் சொல்லி விற்றதில்லை.

“என் வூட்டுக்காரர் மேடம்,” என்றாள். “செல்வநாதன். இந்த வேல அவருதுதான். இதுக்கு முன்னாடி ரெண்டு லோடும் அவர் பண்ணதுதான். மூனாவதுல வேணாம்னாரு, அதுக்குத்தான் அடிச்சாங்க.”

அன்பரசனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

சிவந்தி அதை நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்து, ஆஸ்பத்திரி வார்டு வாசலில் இரண்டு பேரை நிறுத்தச் சொன்னார். பாதுகாப்புக்கா, காவலுக்கா என்று அவர் சொல்லவில்லை. ஹில்டாவும் கேட்கவில்லை.

அவளுடைய போன் மரத்தூளுக்குள் கிடந்து அதிர்ந்தது. டெபோரா. ரத்தம் காய்ந்த விரலுக்குத் திரை நகர மறுத்தது. மூன்றாவது தடவைதான் எடுக்க முடிந்தது.

“யம்மா, அப்பா கண்ண முழிச்சிட்டாரு.” மகள் சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. “என்ன அடையாளம் தெரிஞ்சிச்சி. ஆனா ஒரே விஷயத்தத்தான் திரும்பத் திரும்ப சொல்றாரு. ஹில்டா கடைக்கிப் போவக் கூடாது, மரத்தப் பத்தி யாராண்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. இன்னாம்மா மரம்? எனக்கு ஒன்னும் புரியல. நான் இன்னா சொல்லட்டும்?”

சிவந்தியின் நோட்டில் மை காயாத எழுத்தில் செல்வநாதன் என்ற பெயர் இருந்தது. ஹில்டா அதைத் தலைகீழாகவே வாசித்தாள்.

“நான் வந்துகினு கீறேன்னு சொல்லு,” என்றாள். “சொல்லிட்டேன்னும் சொல்லு.”